மாவட்டத்து மாப்பிள்ளையெல்லாம் ஒரே ஆள்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை யாரும் விட்டபாடில்லை. போன வாரம் கவிதா போன் செய்தாள். திருக்கோகர்ணத்தில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். முந்தாநாள் எடுத்த கல்யாணப் படம் மொத்தமும் போய்விட்டது, எல்லாப் படத்தின் மேலும் ஒரு கேள்விக்குறி நிற்கிறது, வீட்டுக்காரர்கள் வந்தால் என்ன பதில் சொல்வேன் என்று அழாத குறை. ஹார்ட் டிஸ்க் ஒயரை யாராவது பிடுங்கினார்களா என்று கேட்டேன். மவுஸ் செருக இடமில்லை என்று அவளேதான் பிடுங்கியிருந்தாள். திரும்பச் செருகச் சொன்னேன். கேள்விக்குறியெல்லாம் வந்த வழியே ஓடிப்போயின.

"இதையெல்லாம் எங்கயாச்சும் எழுதி வைங்களேன், மேரியக்கா" என்றாள். கேட்டுவிட்டாள் அல்லவா, இனி யார் தடுத்தாலும் நிறுத்தமாட்டேன். அந்த ஆலங்குடி நிச்சயதார்த்தக் கதையை எழுத எத்தனையோ நாளாகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தவள் நான். இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நின்றபோது எப்போது பஸ் ஏறுவோம் என்றுதான் இருந்தது.

என் முழுப்பெயர் சகாயமேரி. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு ஸ்டுடியோவில் சேர்ந்தது ஆல்பத்து முகப்பில் பெயர் ஒட்டுவதற்கு. பிறகு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று எல்லோரும் எட்டி நின்றார்கள். உனக்குத்தான் டைப் தெரியுமே என்று என்னைப் பிடித்து அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு கலர் லேபில் கொஞ்ச நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அழித்தும் தொலைத்தும் கற்றுக்கொண்டது.

முதலாளி தங்கவேலைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. கேமரா பிடித்தால் கை ஆடாது, சத்தம் போட்டுப் பேசமாட்டார், வருகிறவர்களுக்கு டீ சொல்லாமல் விடமாட்டார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் "மேரி". ஏதாவது தப்பு நடந்தால் "மேடம், கொஞ்சம் வாங்க" என்பார். அந்த "மேடம்" காதில் விழுந்தால் ஸ்டுடியோவே தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கும். தெருவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வயது குறைந்தவன் என்றால் "மாப்ள", கூடியவர் என்றால் "மாமா". பஸ் கண்டக்டர் மாப்ள, பால்காரர் மாமா. பாதிப் பேருக்கு என்ன பெயர் என்று அவருக்கே தெரியாது.

கம்ப்யூட்டரிடமும் அவர் அப்படித்தான் பழகினார். திரையில் ஏதாவது கேள்வி வந்தால் படித்துக்கூடப் பார்க்காமல் "ஆம்" என்பதை அமுக்கிவிடுவார். ஏன் மொதலாளி படிக்காமல் அமுக்குறீங்க என்று கேட்டால், வாசலில் வந்து கேட்பவர்களை இல்லை என்று சொல்லி அனுப்பக்கூடாது என்பார். அந்த மனுஷனை என்ன செய்ய? நான் ஒரு ஓரமாகப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

முதலில் போல்டர் கதை. கேமராவில் இருந்து படங்களை இறக்கி ஒரு போல்டரில் போட்டு அதற்குப் பெயர் வைக்க வேண்டும். நான் தேதி, ஊர், வீட்டுப் பெயர் என்று வைப்பேன். அவர் வைத்தது "புதுசு". அடுத்த கல்யாணம் "ரொம்பப் புதுசு". அதற்கடுத்தது "இதான் புதுசு". ஒரு காதுகுத்துப் படத்தைத் தேடி "பழைய புதுசு" என்ற போல்டருக்குள் போய் நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் படங்களை அடுக்கி வைக்கிற சாப்ட்வேர் ஒன்றை வாங்கினார்.

அந்தச் சாப்ட்வேரைப் பற்றி ஒன்றே ஒன்று புரிந்துகொண்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக வரும். அது படத்தை வைத்திருக்கவில்லை. படம் ஹார்ட் டிஸ்கில் தன் பாட்டுக்குத் தூங்குகிறது. சாப்ட்வேரிடம் இருப்பது அந்தப் படத்தின் விலாசம், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற குறிப்பு, நாம் பார்க்க ஒரு சின்ன மாதிரிப் படம். இவ்வளவுதான். நாம் படத்தை ஓரம் வெட்டினாலும் வெளுப்பாக்கினாலும் அசலை அது தொடாது. "இந்த ஓரத்தைக் காட்டாதே, முகத்தை வெளுப்பாகக் காட்டு" என்று குறிப்பெழுதிக்கொள்ளும். குறிப்பை எடுத்துவிட்டால் அசல் அப்படியே நிற்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் சாப்ட்வேரில்தான் தெரிகிறதே என்று டிஸ்கில் இருப்பதை அழித்துவிடுவார்கள். அப்புறம் கேள்விக்குறி.

இந்த ஞானத்தால் ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறேன். அறந்தாங்கிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகன் கல்யாணம் முடிந்த சூட்டோடு வந்தார். சம்பந்தியோடு சண்டை. அந்த ஆள் இருக்கிற படம் ஒன்றுகூட இருக்கக்கூடாது, என் கண் முன்னால் அழி என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். சம்பந்தி இல்லாத படமே அதில் கொஞ்சம்தான், பெண்ணைப் பெற்றவர் ஆயிற்றே. நானும் ஒவ்வொன்றாகச் சாப்ட்வேரை விட்டு நீக்கினேன். டிஸ்கைத் தொடவில்லை. திரையில் சம்பந்தி மறைய மறைய அவருக்கு முகமெல்லாம் பல். பேரன் பிறந்ததும் அதே சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து, படமெல்லாம் போய்விட்டதே என்று தலையைச் சொறிந்தார். ஒரு பட்டனை அமுக்கினேன், சம்பந்தி முழுசாக வந்து நின்றார். இரண்டு பேரும் எனக்குப் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதன் பிறகு சாப்ட்வேருக்கு முகம் அடையாளம் காணத் தெரிந்துவிட்டது. படத்தில் உள்ள ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டு, இவர் யார் என்று கேட்கும். பெயரை அடித்தால், மற்ற படங்களில் அதே முகத்தைத் தேடிப் பிடித்து, இவரும் அவர்தானா என்று கேட்கும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து முகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்.

என்ன பெயர் வைத்தார் என்று நினைக்கிறீர்கள்? மாலை போட்டிருந்தால் "மாப்பிள்ளை". பக்கத்தில் பட்டுப்புடவையோடு தலை குனிந்திருந்தால் "பொண்ணு". ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இதே பெயர்தான். புதிதாக "மாப்பிள்ளை" என்று அடிக்கும்போதெல்லாம், ஏற்கெனவே இருக்கும் மாப்பிள்ளையும் இவரும் ஒரே ஆளா என்று அது பணிவாகக் கேட்டது. முதலாளி இல்லை என்று சொல்வாரா? புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் கேமராவுக்கு முன்னால் தாலி கட்டிய அத்தனை ஆண்பிள்ளைகளும் ஒரே ஆள் ஆகிப்போனார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. முகப் பகுதியை அவர்தான் பார்த்துக்கொண்டார், என்னைக் கிட்டே விடவில்லை.

இப்போது ஆலங்குடி. மாப்பிள்ளை சரவணன் அறந்தாங்கிக்காரர், கத்தாரில் வேலை, லீவில் வந்திருந்தார். பெண் தேன்மொழி, ஆலங்குடியில் ஒரு பள்ளியில் டீச்சர். பெண்ணின் அப்பா கோவிந்தன் தேங்காய் வியாபாரி, பேச்சில் கறார். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குப் பழைய வாடிக்கை. நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்து, மாப்பிள்ளை பிறந்ததில் இருந்து இன்றுவரை உள்ள படங்களை ஓடவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படம் முடிந்ததும் தட்டு மாற்றுவது. வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டை இரண்டு வீட்டாரும் கை மாற்றிக்கொண்டால்தான் எங்கள் பக்கம் நிச்சயம் ஆனதாகக் கணக்கு. தட்டு மாறுகிறவரை எதுவும் நிச்சயமில்லை.

காலையில் முதலாளி லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். எல்லாம் போட்டாச்சு, மாப்பிள்ளை என்று கேட்டதும் சாப்ட்வேரே படத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டது, போய் ஓட்டுகிற பட்டனை அமுக்கினால் போதும் என்றார். ஹார்ட் டிஸ்க் வேண்டாமா என்று கேட்டேன். அது ஸ்டுடியோவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் சட்டம். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற மனுஷன். லேப்டாப்பில் விலாசமும் மாதிரிப் படமும் இருந்தன. திரையில் ஓட்ட அது தாராளமாகப் போதும். நானும் ஆலங்குடி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டனை அமுக்கினேன். தொட்டிலில் சரவணன், மொட்டைத் தலையோடு சரவணன், பள்ளிக்கூட விழாவில் பாரதமாதா வேஷத்தில் சரவணன். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அடுத்து வந்தது மாலையும் கழுத்துமாக ஒரு வழுக்கைத் தலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த படம், கீரனூர்க் கல்யாணம் ஒன்று. அதற்கடுத்து ஒரு கண்ணாடிக்காரர், ஒரு மீசைக்காரர், ஒரு ஒல்லி. மாவட்டத்து மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். மண்டபத்தில் ஒரு நிமிஷம்தான் திகைப்பு. பிறகு ஆளாளுக்கு அடையாளம் காண ஆரம்பித்துவிட்டார்கள். நம்ம பெரியசாமி சித்தப்பாதானே அது, அப்போதே தொப்பையைப் பாரு என்று ஒரு மூலையில் கூச்சல். கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று, ஐயோ அது எங்க வீட்டுக்காரர் என்று வெட்கப்பட்டார். ஆம்பளைகள் விசிலடித்தார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தத் துழாவுகிறேன், அக்கா நிறுத்தாதீங்க என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் வேலைக் காலத்திலேயே என் படங்களை ஜனங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்றுதான்.

அப்போது வந்தது அந்தப் படம். திரை முழுக்க இரண்டே பேர். பட்டுப்புடவையில் ஒரு மணப்பெண். பக்கத்தில், கழுத்து நிறைய ரோஜா மாலையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது சரவணன். இன்றைய மாப்பிள்ளை சரவணனேதான்.

விசில் பாதியில் நின்றது. படத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். மாற்றித் தொலைத்திருக்கலாம், நிறுத்தியது இன்னும் மோசமாகப் போயிற்று. கோவிந்தன் எழுந்து வந்து மேடையில் இருந்த தட்டை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்.

சரவணன் ஓடிவந்து பேசப் பேச நிலைமை மோசமானது. அது அவருடைய சிநேகிதன் மணிகண்டனின் கல்யாணம். அடுத்த கல்யாணம் உனக்குத்தான்டா என்று மணிகண்டன் தன் கழுத்து மாலையைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டிருக்கிறார். இதைப் பதற்றத்தில் அவர் சொன்ன விதம், "மாலைய நான் சும்மா போட்டுப் பாத்தேங்க மாமா" என்பது.

"சும்மா போட்டுப் பாக்க அது என்ன சட்டையா?" என்றார் கோவிந்தன்.

மணிகண்டனுக்குப் போன் போட்டார்கள். அவரும் மனைவியும் கத்தாரில்தான் இருக்கிறார்கள், இருவரும் டூட்டியில் இருக்கிற நேரம், மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர எடுக்க ஆளில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சனங்கள் சத்தியம் செய்தார்கள். உங்கள் ஆட்கள் உங்களுக்குத்தானே சொல்வார்கள், ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்று வந்தீர்களா என்று பெண் வீட்டில் ஒரு மாமா குதித்தார். எங்கள் மேல்தான் தவறு, சாப்ட்வேர் எல்லா மாப்பிள்ளையையும் கலந்துவிட்டது, நீங்களும்தானே பார்த்தீர்கள் என்று நான் கோவிந்தனிடம் கெஞ்சினேன்.

அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, மத்ததெல்லாம் யார் யார் படமோ தப்பா வந்துச்சு, சரி. இது ஒண்ணு மட்டும் சரியால்ல வந்திருக்கு?"

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து சிரித்த ஒரு மாலை, அதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை சிக்கிக்கொண்டு நிற்கிறது. சரவணனின் அம்மா மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது, ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி எழுந்து வந்தாள். எல்லோரும் அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் திரைக்குக் கிட்டே போய், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு சரவணனின் தோளைக் காட்டினாள். மாலைக்கு மேலே நாலு விரல் தெரிந்தது.

"இந்தக் கை யாரோடதுக்கா? அவரு கை ரெண்டும் கீழ இருக்கு. அந்தப் பொண்ணு கையும் கீழதான இருக்கு."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாளி ஜோடிப் படம் அழகாக இருக்கட்டும் என்று, பெயர் வைத்த முகங்களை மட்டும் நடுவில் காட்டச் சொல்லி மொத்தமாகக் குறிப்புக் கொடுத்திருக்கிறார். பெயர் உள்ளவர்கள் மாப்பிள்ளையும் பொண்ணும். மாலை போட்டிருந்தவர் மாப்பிள்ளை, அது சரவணன். மாலையைக் கழற்றிக் கொடுத்த நிஜ மாப்பிள்ளை, கழுத்தில் ஒன்றும் இல்லாததால் பெயர் இல்லாமல் வெளியே போய்விட்டார்.

வெட்டியதை எடுத்துக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பில் உட்கார்ந்தேன். வெட்டுக் குறிப்பை நீக்கினேன். திரையில் பெரிதாக வந்து நின்றது கேள்விக்குறி. அசல் திருக்கோகர்ணத்தில் தூங்குகிறதே, லேப்டாப்பில் இருப்பது வெட்டிய பிறகு எடுத்த மாதிரிப் படம்தானே. ஸ்டுடியோவில் இருந்து வாட்ஸாப்பில் முழுப் படத்தையும் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் குதித்த மாமா மறுபடி குதித்தார். போட்டோக்காரர்கள் யார் தலையை யார் உடம்பில் வேண்டுமானாலும் ஒட்டுவார்கள், அனுப்புகிற படமெல்லாம் செல்லாது, இங்கே எங்கள் கண் முன்னால் திறந்து காட்டு என்றார். தொழிலையே குறை சொல்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னதும் "டிஸ்க நானே கொண்டாரேன், மேரி. அதுவரைக்கும் யாரையும் எந்திரிக்க விடாதீங்க" என்றார்.

ஸ்கூட்டரில் வந்தால் குலுங்கி டிஸ்க் செத்துவிடும் என்று பஸ்ஸில் வந்தார் மனுஷன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாராம். கண்டக்டர் அதென்ன மாமா, பச்சைப்பிள்ளையா என்று கேட்டதற்கு, உள்ளே ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு மாப்ள, மெதுவாப் போகச் சொல்லு என்றாராம். இதை அவர் பிறகு சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். ஆனால் அன்று அவர் வருகிறவரை கோவிந்தன் எழுந்திருக்கவில்லை, மகள் உட்காரவில்லை. வடை ஆறுகிறது என்று வந்து சொன்ன சமையல்காரரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி வந்தார். டிஸ்கைச் செருகினேன். கேள்விக்குறி போகவில்லை.

கோவிந்தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார், வீட்டுக்குக் கிளம்ப. முதலாளி என்னைப் பார்த்து மெதுவாக, என்ன ஆச்சுங்க மேடம் என்றார். கோபத்தில் இல்லை, பயத்தில். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இந்த டிஸ்குக்கு டி, ஈ என்று ஏதோ ஒரு அடையாள எழுத்து, லேப்டாப்பில் செருகினால் வேறு எழுத்து. வீடு அதே வீடு, கதவு எண் மாறிவிட்டது. தபால்காரர் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கிறார். புதுக் கதவைக் காட்டிவிட்டால் போதும். போல்டரைத் தேடினேன். மணிகண்டன் கல்யாணம் எங்கே? நல்லவேளை, அது நான் பெயர் வைத்த போல்டர். ஊரும் வீட்டுப் பெயருமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தது. "இதான் புதுசு"க்குள் இருந்திருந்தால் அன்றைக்குத் தட்டு மாறியிருக்காது, சத்தியமாகச் சொல்கிறேன்.

விலாசத்தை மாற்றினேன். கேள்விக்குறி போனது. நான் எழுந்து நின்று, ஐயா, இந்தப் பட்டனை நீங்களே அமுக்குங்க, அப்புறம் ஒட்டு வேலை என்று சொல்லக்கூடாது என்றேன். கோவிந்தன் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒற்றை விரலால் அமுக்கினார்.

படம் இரண்டு பக்கமும் விரிந்தது. சரவணனுக்கு இந்தப் பக்கம், வெறுங்கழுத்தோடு, பட்டு வேட்டி சட்டையில், தலையை அண்ணாந்து சிரித்தபடி மணிகண்டன். சரவணன் தோளில் இருந்தது அவர் கைதான். மேடைக்கு மேலே தெர்மாக்கோல் எழுத்தில் மணமக்கள் பெயர், மணிகண்டன் என்று கொட்டை எழுத்தில். மண்டபம் மூச்சு விட்டது. சரவணனின் அம்மா படியில் இருந்து எழுந்து நின்று அழுதார்.

கோவிந்தன் மட்டும் லேசில் விடுவாரா? இதெல்லாம் எந்த ஊரில் எவன் கல்யாணமோ, நமக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்தார். பேச்சு முடியவில்லை, பெண்கள் பக்கம் இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பரவிப் பரவி முன்வரிசைக்கு வந்தது. விரிந்த படத்தின் வலது ஓரத்தில், மேடைக்குக் கீழே, கோவிந்தனே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஐஸ்கிரீம் கப், மறு கையில் மரக்கரண்டி, நாக்கு வெளியே. அவர் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, இவர் யார் என்று சாப்ட்வேர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அட, நம்மகிட்ட தேங்கா லோடு எடுக்கிறவரு மகன் கல்யாணம்ல இது" என்றார் கோவிந்தன். "நானே போயி ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்தேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சக்கர வியாதி மனுசன் கையில என்ன அது, ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். அப்போது வெடித்த சிரிப்பில் மேளக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளம் கொட்டிவிட்டார். குதித்த மாமா நாற்காலியில் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி டிஸ்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

தட்டை மாற்றுங்கள் என்று கைக்கடிகாரப் பெரியவர் அவசரப்படுத்தினார். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கோவிந்தன் என்னிடம் திரும்பினார். முதலில் அந்த மாப்பிள்ளை விவகாரத்தைச் சரிசெய்யுங்கள், என் மருமகனை ஊர் மாப்பிள்ளைகளோடு கலந்து வைக்காதீர்கள் என்றார். சரவணன் முகத்துக்கு இருந்த பெயரை நீக்கினேன். வெறும் கட்டம், இவர் யார் என்ற கேள்வி. பழக்க தோஷம், முதலாளி என்னை முந்திக்கொண்டு கீபோர்டில் கையை வைத்து "மா" என்று அடித்துவிட்டார்.

தேன்மொழி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம் சார். சரவணன்னு போடுங்க."

அந்த வீட்டில் கட்டினவன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொன்னதில்லை. அவள் அம்மா பதறிப்போய் வந்து, என்னடி இது, அத்தனை பேர் முன்னால் பேரைச் சொல்கிறாயே என்று அவள் தோளில் தட்டினார்.

"இன்னும் தட்டு மாத்தலயேம்மா" என்றாள் தேன்மொழி. "மாத்துறதுக்குள்ள ஒரு தடவ சொல்லிக்கிறேன்."

பெயரை நான்தான் அடித்தேன். கோவிந்தன் தட்டை நீட்டினார்.